பரங்கிப்பேட்டையை எந்தப் பெயரில் தேடுவது?

ஊர்ப்பெயர் பற்றிச் சண்டை வந்தால் போதும், யாராவது ஒருவர் பழைய கெசட்டியரில், அதாவது மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசாங்கப் புத்தகத்தில், ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு "இதோ ஆதாரம்" என்று முடித்துவிடுகிறார். அந்த ஒரு பக்கம் போதாது என்பது என் கட்சி. பரங்கிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் இந்த ஊருக்குப் பல காலம் மூன்று பெயர்கள் சேர்ந்தே புழங்கின. தமிழில் பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் வழியாக வந்தது போர்ட்டோ நோவோ. முஸ்லிம்கள் வழக்கில் மஹ்மூது பந்தர். வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் கோப்புகளில் இருந்த போர்ட்டோ நோவோவையே தலைப்பாக்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் காலத்தில் போர்ட்டோ நோவோ, பிறகு பரங்கிப்பேட்டையாக மாற்றிவிட்டார்கள்" என்று நம் ஆட்கள் எழுதுகிறார்கள். யாரும் மாற்றவில்லை ஐயா, சந்தைக்குப் போனவர் அன்றைக்கும் பரங்கிப்பேட்டை என்றுதான் சொல்லியிருப்பார்.

அப்புறம், எந்த மாவட்டத்துக் கெசட்டியரில் தேடுவது? இன்று இந்த ஊர் இருக்கும் கடலூர் மாவட்டம் 1993இல் பிரிந்தது. அதற்கு முந்தைய புத்தகங்களில் தென்னார்க்காடு, சிதம்பரம் தாலுகா என்று போக வேண்டும். கார்ஸ்டினின் மேனுவல் 1878, பிரான்சிஸின் கெசட்டியர் 1906, சுதந்திரத்துக்குப் பிறகு பாலிகாவின் தொகுதி 1962. மூன்றிலும் ஒரே செய்தி இருந்தால் மூன்று சாட்சி என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னால் வந்தவர் முன்னவரைப் புரட்டாமல் எழுதியிருக்க மாட்டார். என்னைக் கேட்டால், துறைமுகம், வரி, சாலை பற்றி இவர்கள் எழுதியதை நம்பலாம். பெயர்க்காரணம் சொல்லும் வரியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் வேறு தொல்லை. போர்ட்டோ நோவோ என்று போட்டால் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டின் தலைநகர் வந்து நிற்கும். சரி, அதை உடனே ஒதுக்கிவிடலாம். பெரிங்கிபெட் என்ற பழைய எழுத்துக்கூட்டல்தான் ஆளை நன்றாக ஏமாற்றும். மங்களூர் அருகே நேத்ராவதிக் கரையிலும் ஒரு ஃபரங்கிபேட்டை உண்டு. மைசூர்ப் போர்க்காலக் காகிதங்களில் இரண்டு ஊருமே வர இடமிருக்கிறது. 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது நம் கடற்கரையில். மங்களூர்ப் பக்கத்து ஊரின் கதை திப்பு காலத்தோடு சேர்ந்தது. பெயரை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. பக்கத்தில் எந்த ஆறு, எந்த ஊர் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளாறா, நேத்ராவதியா? அங்கேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இதைவிட ருசியான விஷயம் ஒன்று உண்டு. பரங்கிப்பேட்டையைப் பற்றி அறிய சேலத்துப் புத்தகங்களையும் திறக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டு வெளியே வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830இல் இங்கே இரும்பு ஆலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வர வேண்டும். உருக்குவதற்குக் கரி வேண்டும், அதற்குக் காடு வேண்டும். ஆலை கடலோரம், தாதுவோ உள்நாட்டு மலையில்! பணத்தை விழுங்கிவிட்டு அந்த ஆலை கடைசியில் மூடப்பட்டது. இந்தக் கதையில் பாதி சேலத்துக் கனிமங்களைப் பற்றிய பகுதியில் கிடக்கிறது. ஊர்த் தலைப்பை மட்டும் புரட்டுகிறவர் கண்ணில் அது படவே படாது.

2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி அரசாணை வந்ததும், சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப எழுத வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அடுத்த முறை திருத்துகிறவர்கள் பழைய எழுத்துக்கூட்டல்கள் அத்தனையையும் பக்கத்திலேயே ஒரு பட்டியலாகப் போட்டுக் கொடுக்கட்டும். பத்திரம், வரைபடம், கல்லறைக் கல் எல்லாம் அந்தப் பழைய எழுத்தில்தானே இருக்கின்றன.