கூட்டுத் தடுப்பூசிக்குச் சராசரி மதிப்பெண் போடாதீர்கள்

பல வைரஸ்களுக்கு ஒரே ஊசி என்று செய்தி வரும்போதெல்லாம் "மொத்தத்தில் இத்தனை சதவீதம் பாதுகாப்பு" என்ற எண்தான் முதலில் கண்ணில் படுகிறது. எனக்கு அந்த எண் போதாது. கூட்டுத் தடுப்பூசியை, அதில் எந்தப் பகுதி மிகவும் பலவீனமாக இருக்கிறதோ அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கூட்டுத் தடுப்பூசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் சேர்த்து அமெரிக்க விஞ்ஞானி மாரிஸ் ஹில்மன் உருவாக்கிய ஊசிக்கு 1971-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குட்டிப் புட்டியின் அடியில் வெளிர்மஞ்சளாக உறைந்திருக்கும் உலர்மருந்தில் நீரைச் செலுத்திக் கரைத்தால் அரை மில்லி. அதற்குள் வீரியம் குறைத்த மூன்று வைரஸ்கள். குழந்தைக்கு ஆறு குத்து இரண்டாகக் குறைகிறது. ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியாக வரச் சொன்னால் எத்தனை குழந்தைகள் பாதியில் விட்டுப்போகும்!

ஆனால் சேர்ப்பது சுலபமான வேலை இல்லை. உயிருள்ள வைரஸ் உடலுக்குள் பெருகினால்தான் எதிர்ப்பாற்றல் வரும். பல வைரஸ்கள் ஒன்றாகப் போனால் ஒன்று மற்றதை அமுக்கிவிடலாம். போலியோ சொட்டு மருந்தில் 2-ஆம் வகை மற்ற இரண்டையும் முந்திக்கொண்டது. அதனால் 1-ஆம் வகையை அதைப் போல 10 மடங்கு வைக்க வேண்டியிருந்தது. ஹில்மனின் மூன்று வைரஸ் ஊசியில் சின்னம்மையை நான்காவதாகச் சேர்த்தபோதும் அப்படித்தான், அதன் அளவைப் பல மடங்கு கூட்டினார்கள். இந்த நான்கு வைரஸ் ஊசியின் முதல் தவணையில், சின்னம்மைக்குத் தனி ஊசி போடுவதைவிட, சுமார் 2,300 முதல் 2,600 குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் காய்ச்சல் வலிப்பு கூடுதலாக வந்தது. பெரும்பாலும் பாதிப்பில்லாமல் சரியாகிவிடும் வலிப்புதான். இருந்தாலும் பெற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா இல்லையா?

டெங்குதான் என்னை இன்னும் உறுத்துகிறது. நான்கு வகை டெங்குவுக்கும் சேர்த்து வந்த டெங்வாக்சியா, 2014-இல் வெளியான ஆசியச் சோதனையில் மொத்தமாக 56.5 சதவீதம் பலன் காட்டியது. வகைவாரியாகப் பிரித்தால் 3-ஆம் வகைக்கு 78 சதவீதம், 2-ஆம் வகைக்கு வெறும் 35. டெங்குவில் அரைகுறை எதிர்ப்பாற்றல் ஆபத்து. அடுத்து வரும் வைரஸ் செல்லுக்குள் நுழைய அதுவே வழிவிடும். ஊசிக்கு முன் டெங்கு வராதவர்களுக்கு, அதைப் போட்ட பிறகு நோய் தாக்கினால் கடுமையாகலாம் என்று தயாரித்த நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது. அதற்குள் பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் போட்டாகிவிட்டது. தடுப்பூசி மீது அங்கே மக்களுக்கு இருந்த நம்பிக்கை அதோடு சரிந்தது.

இப்போது ஃப்ளூவையும் கோவிடையும் சேர்க்கும் முயற்சி நடக்கிறது. ஃபைசரும் பயோன்டெக்கும் 2024-இல் தங்கள் கூட்டு ஊசி ஃப்ளூவின் ஒரு வகையான இன்ஃப்ளூயன்சா பி விஷயத்தில் இலக்கை எட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இதைத்தான் எல்லோரும் செய்ய வேண்டும். ஒவ்வொரு வைரஸுக்கும் தனி எண், ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் தனித்தனி எண், இரண்டும் அனுமதிக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வர வேண்டும். ஊடகங்களும் மொத்தச் சதவீதத்தைத் தலைப்பாகப் போடுவதை நிறுத்திவிட்டு, எந்த எண் எல்லாவற்றிலும் குறைவு என்று கேட்கட்டும்.