ஓட்டை வாளி

ஆற்றுத் தரைக்கும் கான்கிரீட் வேண்டும் என்று நேற்று நடந்த கூட்டத்தின் வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன், போதும். "தரை போடாத ஆறு ஓட்டை வாளி மாதிரி. ஓட்டை வாளியில யாராவது தண்ணி சுமப்பாங்களா?" உடனே கைதட்டல், பேசியவருக்குச் சால்வை. அனுப்பியவர்களில் நாலு பேர் சிரிப்புப் பொம்மையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் புது ஆற்றுக்கு, அதாவது கல்லணைக் கால்வாய்க்கு, கரையில் கான்கிரீட் போடுங்கள், தரையை விட்டுவிடுங்கள் என்று போன மாதம் இங்கே எழுதியவள் நான்தான்.

சரி, வாளிக் கணக்கையே பார்ப்போம். ஒழுகுகிற தண்ணீர் எங்கே போகிறது? அதை மட்டும் மேடையில் யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு போர்வெல்லுக்கு வருகிறது. பக்கத்துக் கொல்லைத் தென்னைக்கு வருகிறது. ஆற்றில் தண்ணீர் நிறுத்திய பிறகு நாற்றங்காலைக் காப்பாற்றுவது அதுதான். கீழே இறங்கும் தண்ணீர் வீணாகும் தண்ணீர் இல்லை. போன பதிவிலும் இதைத்தான் சொன்னேன்.

2018 பிப்ரவரிக் காவிரித் தீர்ப்பு நினைவிருக்கிறதா? கர்நாடக எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டிய 192 டிஎம்சியை (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) உச்ச நீதிமன்றம் 177.25 ஆக்கியது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகப் போன 14.75 டிஎம்சிக்கு ஒரு முக்கியக் காரணம், தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பது. அன்று நம் ஊரில் எவ்வளவு கோபம்! நானும்தான் கத்தினேன். ஆக, நம் பங்கைக் குறைக்கும்போது மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் சொத்து. அதே தண்ணீர் ஆற்றிலிருந்து மண்ணுக்குள் இறங்கினால் ஒழுகல். இது எந்த ஊர்க் கணக்கு?

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம், புது ஆற்றங்கரை. மேட்டூர் அணை முடிந்த 1934இல் இந்த ஆறும் வந்தது. சுமார் 148 கிலோமீட்டர், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். சர்க்கார் ஏட்டில் கல்லணைக் கால்வாய், எங்களுக்குப் புது ஆறு. தொண்ணூறு வருஷம் ஆகியும் பெயரில் புதுசு போகவில்லை. அப்பாயி கல்யாணமாகி வந்தபோதுதான் ஆறும் ஊருக்கு வந்ததாம், "நானும் அதும் ஒரே வருசத்து மருமக" என்பாள். சித்திரையில் ஆறு காய்ந்து கிடக்கும். அப்பாயி தேங்காய்ச் சிரட்டையும் குடமுமாக இறங்குவாள். முழங்கை ஆழம் மணலைத் தோண்டினால் போதும், கொஞ்ச நேரத்தில் ஊறும். முதல் ஊறலைக் கலங்கல் என்று இறைத்துவிடச் சொல்வாள். இரண்டாவது ஊறலில் சிரட்டை சிரட்டையாக மொண்டு குடம் நிறைப்போம். போன சித்திரையில் அதே இடத்தில் நின்றேன். கீழே வழவழவென்று சிமெண்ட் தளம், அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நல்ல பிட்ச் என்று ஒருவன் சொன்னான். உண்மைதான், நல்ல பிட்ச்.

"அப்போ கடைமடைக்காரன் சாகணுமா?" என்று போன பதிவின் கமெண்டில் கேட்டிருந்தீர்கள். ஆற்றின் கடைசியில் இருக்கும் ஊர்க்காரர்களைச் சொல்கிறீர்கள். அந்தக் கேள்வியை என் வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். தங்கச்சியைக் கடைமடையில், பேராவூரணிப் பக்கம் கொடுத்திருக்கிறோம். போன பதிவைப் படித்துவிட்டு மாப்பிள்ளை ஃபோன் செய்தார். "அக்கா, நீங்க தலைமடையில இருக்கீங்க, உங்களுக்கு ஆறு. எங்களுக்கு அது மேட்டூர் திறந்த செய்தி மட்டும்தான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தண்ணீர் திறந்து எத்தனையோ நாள் கழித்து, அதுவும் முறை வைத்து, கணுக்கால் அளவு வருவதை அவர்கள் வீட்டுக்குப் போனபோது நானே பார்த்திருக்கிறேன். கஜா புயலில் விழுந்த தென்னைக்குப் பதிலாக வைத்த தென்னம்பிள்ளைகளுக்கு அவர் குடம் சுமந்ததையும் பார்த்திருக்கிறேன். கான்கிரீட் தரையில் தண்ணீர் வேகமாக ஓடும், சீக்கிரம் அங்கே போய்ச் சேரும். மறுக்கவில்லை. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வராததற்கு மண் மட்டும்தான் குற்றவாளியா? தூர்வாராத கிளை வாய்க்கால், கதவு இல்லாத மதகு, மதகு திறந்து மூட நாலு ஊருக்கு ஒரு லஸ்கர்கூட இல்லாத நிலைமை, இவற்றுக்கு யார் சால்வை போடுவது? 2,640 கோடி ரூபாய்த் திட்டம் என்று 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குள் இதற்கெல்லாம் இடம் இருந்திருக்காதா?

தண்ணீர் கீழே இறங்கத் தரையில் ஓட்டை விட்டுத்தானே போடுகிறார்கள் என்று ஒரு பொறியாளர் தம்பி பொறுமையாக விளக்கியிருந்தார். தம்பி, ஆற்றுத் தண்ணீர் வண்டலோடு வரும். அந்த ஓட்டை எத்தனை வருஷம் திறந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதோடு, ஓட்டை வாளி கூடாது என்று தளம் போட்டுவிட்டு அந்தத் தளத்தில் ஓட்டை போடுகிறார்களே, அந்த வாளிக்கு என்ன பெயர்?

இன்னொருவர், "டீச்சரம்மா வீடு மட்டும் கான்கிரீட்தானே" என்கிறார். ஆமாம் ஐயா. என் வீட்டுத் தரையில் ஊற்றுத் தோண்டி யாரும் தண்ணீர் குடித்ததில்லை.

இந்த "வீண்" என்ற சொல்தான் என்னைப் போட்டுப் படுத்துகிறது. மண்ணுக்குள் போனால் வீண், கடலுக்குப் போனால் வீண். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும் ஒவ்வொரு ஆடி ஆவணியிலும் "கடலில் வீணாகக் கலக்கும் காவிரி" என்று தலைப்புச் செய்தி. தடுப்பணை கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முகத்துவாரத்தில் நல்ல தண்ணீர் தள்ளாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். சீர்காழிப் பக்கம் குடிதண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் போய்க் கேளுங்கள் எது வீண் என்று. காவிரி நடுவர் மன்றமே 2007இல் சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி, கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவதற்கு 4 டிஎம்சி என்று தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மாநிலங்களுக்குப் பங்கு பிரித்தது. கடலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று டெல்லியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் கூட்டத்து மேடைக்குத் தெரியவில்லை.

"அக்காவுக்கு விவசாயம் தெரியாது, புத்தகத்தைப் பார்த்து எழுதுறாங்க" என்ற கமெண்டுக்கு நாற்பது லைக். அதில் என்னிடம் படித்த பிள்ளைகளும் உண்டு. அப்பா போனதிலிருந்து எங்கள் மூன்று ஏக்கரை நான்தான் பார்க்கிறேன். 2023இல் மேட்டூர்த் தண்ணீரை நம்பி எத்தனையோ பேருக்குக் குறுவை கருகியதே, அந்த வருஷம் என் பயிர் தப்பியது போர்வெல் தண்ணீரில். அதே போர்வெல் இந்தச் சித்திரையில் முதல் தடவையாகக் காற்றை இறைத்தது. இன்னும் இரண்டு குழாய் இறக்கினோம், அந்தச் செலவு எந்தத் திட்டக் கணக்கிலும் வராது. கான்கிரீட்டால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதையும் கேட்பீர்கள் என்று தெரியும்.

"ஊருக்கு வந்து நேரில் பேசத் தயார், நீங்க தயாரா அக்கா" என்று கேட்ட தம்பிக்கு: சனிக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், வாருங்கள். மோட்டார் தண்ணீர் எடுத்தால் காபி உண்டு.