ஒரு பேச்சுக்குச் சொன்னதா?

அம்மாவின் ஆபரேஷன் அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிறேன் என்று சொன்ன என் தோழி வராமலே போனதைப் போன வாரமே எழுதிவிட்டேன். அத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று எங்கள் இருவருக்கும் வேண்டிய தோழி ஒருத்தி போன் செய்து, "அவ ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னா, நீ அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே" என்றாள். நேற்றிலிருந்து அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு பேச்சுக்கா?

"ராத்திரி ஒன்பது மணிக்கு வந்துடுவேன், அம்மாகூட நான் இருக்கேன், நீ போய்த் தூங்கு." நாளும் நேரமும் குறித்துச் சொன்ன வார்த்தை இது. அன்றைக்கு எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். என் சித்தி மகளும் வருகிறேன் என்றுதான் சொன்னாள். "வேண்டாம், என் ஃப்ரெண்ட் வர்றா" என்று நான்தான் தடுத்தேன். நோயாளிக்குத் துணை யார் என்று கேட்டபோதும் இவள் பெயரைத்தான் யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன்.

அவள் வரவில்லை என்பது பாதி வருத்தம்தான். அவள் சொல்லை நம்பி, வர இருந்தவளையும் வேண்டாம் என்றேனே, அதுதான் மீதி. "நான் இருக்கேன்" என்று ஒருவர் சொன்ன நிமிடத்தில், கேட்டவர் வேறு ஆளைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார். அந்தச் சொல்லை ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறீர்கள். கேட்பவருக்கு அது ஏற்பாடு. அதை நம்பி அவர் மற்ற கதவுகளைச் சாத்திவிட்டு வருகிறார். அப்புறம் நீங்களும் வராவிட்டால், சொல்லாமலே இருந்தவரைவிட நீங்கள் செய்த கெடுதல் பெரிது.

தீ நட்பு என்று வள்ளுவர் தனியாக ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். அதில் 814-ஆம் குறளைப் பாருங்கள். போர்க்களத்தில் ஏறியவனைக் கீழே தள்ளிவிட்டு ஓடும் பழகாத குதிரை, அப்படிப்பட்டவர்களின் உறவைவிடத் தனிமையே மேல் என்கிறார். குதிரை இல்லாதவன் நடந்து போயிருப்பான். குதிரையை நம்பி ஏறியவன்தான் நடுக்களத்தில் விழுகிறான்.

"அவளுக்கும் ஆயிரம் கஷ்டம் இருக்கும்" என்பீர்கள். இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம், வீட்டில் சண்டையாக இருந்திருக்கலாம். "வர முடியல" என்று இரண்டு வார்த்தை அனுப்பியிருந்தால் பத்து மணிக்காவது சித்தி மகளைக் கூப்பிட்டிருப்பேன். பதினொன்றரை வரை அழைத்துப் பார்த்தேன். அவள் போனை அணைத்து வைத்திருந்தாள்.

"இது என்ன பிசிராந்தையார் காலமா?" என்றும் ஒருவர் கேட்டார். கேட்டதும் நல்லதுதான். வடக்கிருந்த, அதாவது உண்ணாமல் வடக்கு நோக்கி உட்கார்ந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழனைப் பார்க்க அவன் நண்பரான புலவர் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வருவாரா என்று சுற்றியிருந்தவர்களெல்லாம் சந்தேகப்பட்டார்கள். செல்வம் இருந்தபோது வராவிட்டாலும் துன்பத்தில் வராமல் இருக்கமாட்டான், அவனுக்கு இடம் விட்டு வையுங்கள் என்றான் சோழன். புறநானூற்றில் 215, 216-ஆம் பாட்டுகள். அதுவரை ஒருவரையொருவர் நேரில் கண்டதுகூட இல்லை. அவர் வந்தார். நான் யாரையும் என்னோடு வடக்கிருக்கக் கூப்பிடவில்லை. ஒரு ராத்திரி, ஒரு நாற்காலி. அதுவும் நானாகக் கேட்டதில்லை, அவளாகச் சொன்னது.

சில வருடங்களுக்கு முன் இன்னொரு தோழி வீடு மாறும்போது என்னிடம் உதவி கேட்டாள். அந்த வாரம் எனக்கு வேலையில் மூச்சுவிட நேரமில்லை. "என்னால முடியாதுடி" என்று நேராகச் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "நீ முடியாதுன்னு சொன்னதாலதான் அன்னைக்கே அண்ணனைக் கூப்பிட்டேன். பாக்கறேன்னு இழுத்திருந்தா நடுத்தெருவுல நின்னிருப்பேன்." முடியாது என்று சொல்ல நமக்கெல்லாம் அவ்வளவு கூச்சம். அந்தக் கூச்சத்தில் ஒரு வாக்கைக் கொடுத்துவிடுகிறோம். அதன் சுமையை மற்றவர் தலையில் ஏற்றிவிட்டோம் என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

"நட்பில் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஆமாம், பார்க்கிறேன். இன்றைக்கு மட்டும் பார்த்துக்கொள்கிறேன். அவள் பிரசவத்துக்கு மூன்று ராத்திரி நான் உட்கார்ந்திருந்தேன். அவள் அப்பா போனபோது கடைசிவரை கூட நின்றேன். அப்போதெல்லாம் நான் முன்கூட்டி ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை, போனேன், அவ்வளவுதான். இதைச் சொல்லிக்காட்டுவது அசிங்கம் என்று எனக்கும் தெரியும். பதினான்கு வருடத்தில் இதுதான் முதல் தடவை. என்னைச் சொல்லவைத்தது அந்த "ஒரு பேச்சுக்கு".

அவள்கூட அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கமாட்டாள் என்று இன்னும் நம்பப் பார்க்கிறேன். ஆனால் இன்றுவரை அவளிடமிருந்து ஒரு போன் இல்லை. அம்மா வீட்டுக்கு வந்து ஆறு நாளாகிறது. "அவ ஏன் பார்க்க வரல?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். வேலை அதிகம் போல என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் போனில் அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண்ணாக இப்போதும் இருப்பது அவள் எண்தான். நேற்று அந்த போனை வைத்ததும் அதை எடுத்துவிட்டு சித்தி மகள் எண்ணைப் போடப் போனேன். அவள் பெயர் வந்து நின்றது. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.