முதலில் உங்கள் கண் எங்கே போனது என்று சொல்லுங்கள்

ஃபோட்டோகிராஃபி பழக ஆரம்பித்த காலத்தில், அப்பா பேப்பர் படிப்பதை எடுத்த ஒரு படத்தை ஐந்து பேரிடம் காட்டினேன். மூன்று பேர் "சூப்பர்" என்றார்கள். ஒருவர் "ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்லையே, ஆள் நடுவுல இருக்காரு" என்றார். படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரித்து, ஆளை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் ஒன்றின் மேல் வைக்கச் சொல்லும் விதி அது. ஐந்தாமவர் என்னைவிட மூத்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முகத்துக்குத்தான் கண்ணு போகுது, நல்லா இருக்கு. ஆனா பின்னாடி ஜன்னல் கம்பி ஒண்ணு ரெண்டு காதுக்கும் குறுக்கே ஓடுது பாருங்க, அது திரும்பத் திரும்ப இழுக்குது. கேமராவை ஒரு ஜாண் தூக்கிப் பிடிச்சிருந்தா கம்பி தலைக்கு மேல போயிருக்கும்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் யாரைப் படம் எடுத்தாலும் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளிக் செய்கிறேன். அந்த ஒரு பேச்சு தந்த பழக்கம் இது. அவர் என் படத்தைப் பார்த்தார். மற்ற நாலு பேரும் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். "சூப்பர்" என்பதை எந்தப் படத்துக்கும் சொல்லலாம். "ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்லை" என்பதையும் பாதிப் படங்களுக்குப் பார்க்காமலே சொல்லலாம். பாராட்டு இனிக்கிறது, விதி கசக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டையும் கேட்டவர் அடுத்த முறை கேமராவை எடுக்கும்போது கையில் எதுவும் இருக்காது.

இந்த மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றி ஒரு செய்தி. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797இல் நிலக்காட்சி ஓவியம் பற்றி எழுதியபோது இதை ஒரு விதியாகப் பெயர் சொல்லி எழுதினார். நிலமும் வானமும், வெளிச்சமும் இருட்டும் எந்த விகிதத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது அவர் கேள்வி. புகைப்படம் அன்று பிறக்கவே இல்லை. அவருக்கு அது ஒரு நல்ல யோசனை. நம் கையில் அது மதிப்பெண் போடும் அளவுகோலாகிவிட்டது. புதிதாகப் பழகுபவருக்கு அந்த யோசனையைச் சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து ஒருவர் படத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

சாய்ந்த அடிவானமும் அப்படித்தான். 1959இல் அமெரிக்காவில் வெளியான ராபர்ட் ஃபிராங்கின் புகைப்பட நூலை, மங்கல் என்றும் குடிபோதையில் சாய்ந்த அடிவானம் என்றும் அன்றைய புகைப்பட இதழ் ஒன்று விளாசியது. இன்று அது போன நூற்றாண்டின் முக்கியமான புகைப்பட நூல்களில் ஒன்று. அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் தெருவில் எடுத்த பல படங்களில் ஃப்ரேம் சாய்ந்தே நிற்கும், வேண்டுமென்றே. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம்: கடல் ஓரிரு டிகிரி சரிந்திருந்தால் அது பெரும்பாலும் கவனிக்காமல் விட்டது, தயங்காமல் சொல்லலாம். இருபது டிகிரி சரிந்திருந்தால் எடுத்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. அங்கே திருத்தக்கூடாது, கேட்க வேண்டும்.

கேட்காமல் சொல்லி நான் தவறியதையும் எழுதியாக வேண்டும். எனக்குப் பழக்கமான ஒரு பெண், "அண்ணா, கம்போசிஷன் எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று ஒரு படம் அனுப்பினாள். ஒரு பையன் இடது ஓரத்தில், ஃப்ரேமுக்கு வெளியே பார்த்தபடி நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் படம் முழுக்கக் காலிச் சுவர். நான் உடனே எழுதினேன்: "பார்க்கிற திசையில் இடம் விடணும்மா. பின்னால் இவ்வளவு சுவர் வேண்டாம், கிராப் பண்ணிடு." பாடப் புத்தகத்தில் உள்ள பதில். அவள் பொறுமையாகத் திருப்பி எழுதினாள். தம்பி மறுநாள் ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறான், அவன் படத்தைவிட்டே வெளியே போவது போல் இருக்க வேண்டும், அவன் விட்டுப்போகிற இடம்தான் அந்தச் சுவர் என்று.

படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் படத்திலேயே இருந்தது. இன்னொன்றும் இருந்தது. சுவரின் வலது பக்கத்தில் ஒரு வெள்ளை சுவிட்ச் போர்டு, பையன் முகத்தைவிடப் பளிச்சென்று. என் கண் முதலில் போனதே அங்கேதான். அந்தப் படத்தின் உண்மையான சிக்கல் அது. விதியைத் தேடிக்கொண்டிருந்ததால் அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து யார் படம் காட்டினாலும் கருத்தை ஒதுக்கிவிட்டு, என் கண் போன பாதையைத்தான் முதலில் சொல்கிறேன். "முதலில் சிவப்புக் குடை, அப்புறம் கடைப் பலகை, பாட்டி முகம் மூன்றாவதாகத்தான் தெரிந்தது." இதில் யாரும் புண்பட எதுவும் இல்லை, இது தீர்ப்பே இல்லை. எடுத்தவர் பாட்டியைத்தான் காட்ட நினைத்தார் என்றால் சிக்கல் என்னவென்று அவருக்கே புரிந்துவிடும். மிகப் பளிச்சென்ற இடம், மிகத் துல்லியமான இடம், முகம், எழுத்து, இவைதான் பார்வையை முதலில் இழுப்பவை. எழுத்து இருந்தால் வாசிக்காமல் இருக்க நம்மால் முடியாது. படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியோ தலைகீழாகத் திருப்பியோ பார்த்தால் இந்த இழுப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய பெரிய கேமராக்களில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர்கள் காட்சியைத் தலைகீழாகத்தான் பார்த்தார்கள். ஆள், மரம் என்ற பெயர்கள் போய் வெறும் வடிவங்கள் மிஞ்சும்.

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990இல், ஒருவர் படைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு ஒரு முறையே வகுத்தார். பார்த்தவர்கள் தங்களைத் தொட்டது எது என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு கலைஞர் தன் கேள்விகளைக் கேட்பார். அடுத்து பார்த்தவர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. கருத்து கடைசியில்தான், அதுவும் கலைஞர் சரி என்றால். மூன்றாவது படிதான் கடினம். "ஏன் இவ்வளவு இடத்தை வீணாக விட்டீங்க?" என்பது கேள்வி வேடத்தில் வரும் திட்டு. "இந்தக் காலி இடம் உங்களுக்கு என்ன?" என்பது கேள்வி. நான் அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது, "கிராப் பண்ணு" என்ற நம் எல்லோருடைய கை வைத்தியம். கிராப் எல்லாவற்றையும் சரிசெய்யாது. ஓரத்தில் நுழைந்த கையை வெட்டலாம். தலையிலிருந்து முளைக்கும் கம்பத்தை வெட்ட முடியாது, ஏனென்றால் முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள உறவை நாம் நின்ற இடம்தான் முடிவு செய்கிறது. லென்ஸும் அதை மாற்றாது, வெட்டுவதும் மாற்றாது, கால்தான் மாற்றும். கிராப்புக்கு விலையும் உண்டு. 6000க்கு 4000 பிக்சல் உள்ள 24 மெகாபிக்சல் படத்தில் நீளத்திலும் உயரத்திலும் பாதியை வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல்தான். அதனால் ஆலோசனை சொல்லும்போது பிரித்துச் சொல்லுங்கள்: இது இப்போதே சரிசெய்யக்கூடியது, இது அடுத்த முறை ஓரடி நகர்ந்தால் சரியாவது, இது யாராலும் ஒன்றும் செய்ய முடியாதது. மூன்றாவது வகையைச் சொல்லாமலே விட்டுவிடலாம். திரும்பி வராத ஒரு நாளின் படத்தில் "வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கலாம்" என்பதால் யாருக்கு என்ன பயன்?

வெட்டுவதே தவறு என்றும் இல்லை. படத்தை வெட்டுவதைப் பொதுவாக விரும்பாத பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோனின் மிகப் புகழ்பெற்ற படம், 1932இல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டுவது, வெட்டப்பட்ட படம்தான். வேலி இடைவெளி வழியாக எடுத்ததால் ஓரம் மறைந்துபோயிருந்தது. அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லேங்கும் 1936இல் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படத்தில், கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரலை 1939இல் நீக்கச் செய்தார். உலகமே பார்த்த படத்தில் ஒரு விரல் அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் முடிவெடுத்தவர் எடுத்தவரே. இன்னொருவர் படத்தை நாமே வெட்டி, நிறம் மாற்றி, "இப்படி இருக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் வைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் கண் முதலில் போன இடத்தைச் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் படம் மறுபடி வந்தது. சுவிட்ச் போர்டை மட்டும் சுவர் நிறத்துக்கு இருட்டாக்கியிருந்தாள். தம்பி அதே இடது ஓரத்தில்தான் நிற்கிறான், ஒரு பிக்சல்கூட உள்ளே வரவில்லை.