பெற்றோருக்கான சிகிச்சை வீண் என்பது சரியல்ல

“போதைக்கு அடிமையான மகன் தானாக முன்வரும்வரை பெற்றோர் மட்டும் ஆலோசனைக்குச் செல்வது வீண்; அவன் அடியோடு வீழட்டும் என்று கைவிடுவதே வழி” என்று சிலர் சொல்வது தவறு. மனமொடிந்த ஒரு தாய் அதை நம்பிவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

மில்லர், மேயர்ஸ், டோனிகன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையை மறுத்துவந்த குடிநோயாளிகளின் நெருங்கியவர்கள் 130 பேர் மூன்று முறைகளுக்குக் குலுக்கல் அடிப்படையில் பிரிக்கப்பட்டனர். ‘கிராஃப்ட்’ எனும் குடும்பப் பயிற்சியில் 64 விழுக்காட்டு நோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பமே திரண்டு நேருக்கு நேர் வலியுறுத்தும் முறையில் 30, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான தன்னுதவிக் குழுவான அல்-அனான் வழியில் 13 (அல்-அனானின் நோக்கம் நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவதல்ல, குடும்பத்தாருக்குத் துணைநிற்பதே என்பதையும் சொல்லியாக வேண்டும்). வாழ்க்கைத் துணையைவிடப் பெற்றோர் முயன்றபோதே அதிகம் பேர் வந்தனர்.

இப்பயிற்சி, கேட்டபோதெல்லாம் பணம் கொடுக்கச் சொல்வதில்லை. பிள்ளை தெளிவாக இருக்கும் வேளையில் அன்பும் கவனமும் காட்டவும், போதையில் இருக்கும்போது சண்டையிடாமல் விலகவும், போதைப் பழக்கத்தின் இயல்பான விளைவுகளுக்குக் குறுக்கே நிற்காதிருக்கவும், வன்முறை மூளுமானால் தம்மைக் காத்துக்கொள்ளவும் கற்றுத்தருகிறது. மேலும், நோயாளி வந்தாரோ இல்லையோ, மூன்று முறைகளிலுமே நெருங்கியவர்களின் மனநிலை மேம்பட்டது.