அடிபட்டால்தான் டி.டி. ஊசியா?

ஆணி குத்தினால், தகரம் கிழித்தால் ஓடிப்போய் ஒரு டி.டி. ஊசி (டெட்டனஸ் எனும் ரணஜன்னிக்கான தடுப்பூசி) போட்டுக்கொள்வது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். நல்ல பழக்கம்தான். அந்த ஒரு ஊசியோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து.

ரணஜன்னிக் கிருமிக்கும் துருவுக்கும் சம்பந்தமில்லை. மண்ணிலும் சாணத்திலும் விதைபோலக் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் உள்ளே வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். வயலில் முள் குத்தினாலே போதும். ஆளுக்கு ஆள் தொற்றாத நோய் என்பதால், ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒருமுறை வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பாற்றல் வராது, அவரும் போட்டே ஆக வேண்டும்.

இந்தியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியதே 1978-இல்தான். அதற்கு முன் பிறந்த பெண்களுக்காவது பிரசவ காலத்தில் போட்டிருப்பார்கள். அப்பா, மாமா, பெரியப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். முழுசாகப் போட்டதாக யாருக்கும் நினைவிருக்காது. அவர்களுக்குத் தேவை மூன்று டோஸ்: இன்று 0.5 மில்லி மேல்கைத் தசையில், நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து 6 முதல் 12 மாதத்துக்குள் மூன்றாவது. பிறகு 10 வருடத்துக்கு ஒன்று. முதல் டோஸ் மட்டும் போட்டால் பாதுகாப்பு அநேகமாக இல்லை. அதனால் ஊசியே போடாதவருக்கு மண் புகுந்த காயம் பட்டால், டி.டி.யோடு 250 யூனிட் டெட்டனஸ் இம்யூனோகுளோபுலினும் (நஞ்சை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) உடம்பில் வேறு இடத்தில் போட வேண்டும். டாக்டரிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

முழு கோர்ஸ் முடித்தவருக்கு அழுக்குக் காயத்துக்கே கடைசி ஊசி போட்டு 5 வருடம் ஆகவில்லை என்றால் மறுபடி தேவையில்லை. ஒவ்வொரு கீறலுக்கும் போட்டுக்கொண்டே இருந்தால் கை முழுக்க வீங்கி வலிக்கலாம்.

இதேபோல், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான ஊசி நாடு முழுக்கக் குழந்தைகள் அட்டவணைக்கு வந்தது 2011 வாக்கில். இன்றைய பெரியவர்கள் பலர் தவறவிட்டவர்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். நிறையப் பேர் கோட்டை விடுவது ஆறாம் மாத டோஸைத்தான். தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். கையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் கொழுப்பில் தங்கி மருந்து சரியாக வேலை செய்யாது.

சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் 60 தாண்டியவர்களும் ஃப்ளூ ஊசியை வருடாவருடம் போட வேண்டும். நம் பக்கம் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு ஏறும், ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள்.

மருந்துக் கடையில் வாங்கி எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க: தேவையான குளிர் 2 முதல் 8 டிகிரி. ஐஸ் கட்டிமேல் நேராக வைத்தால் டி.டி.யும் ஹெபடைட்டிஸ் பி-யும் உறைந்து வீணாகிவிடும், வெயிலைவிட உறைவதுதான் இவற்றுக்குப் பெரிய கேடு. குப்பியைத் துணியில் சுற்றி வையுங்கள். போட்டதும் தேதியையும் பேட்ச் எண்ணையும் எழுதி வாங்கி, ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவசரச் சிகிச்சைப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.