ரெண்டாயிரம் ரூபா டார்ச்சும் நாப்பத்தஞ்சு கிராம் பேட்டரியும்

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்த விஷயம். ஏற்காட்டுல மழை ஆரம்பிச்சாச்சு, கரண்ட் போக ஆரம்பிச்சாச்சு, இன்னமும் ஜனங்க போன் லைட்ட அடிச்சிக்கிட்டு காலுக்கு முன்னாடி ரெண்டடி தூரத்த மட்டும் பாத்துட்டு நடக்குறாங்க, அத பாத்தா மனசு கேக்கல. அதனால இன்னிக்கு டார்ச் லைட்டப் பத்தித்தான் பதிவு. கொஞ்சம் நீளம், வேலை இருக்கறவங்க இப்பவே தள்ளிட்டுப் போயிடுங்க.

நான் வெச்சிருக்கறது சோஃபிர்ன் எஸ்சி31 ப்ரோ. சீனாக்காரன் சரக்குதான். கைய மூடினா பாதி உள்ள போயிடும், அவ்ளோதான் சைஸு. ஒரே ஒரு பேட்டரி, பேட்டரியோட சேத்து ரெண்டாயிரம் ரூபா சொச்சம் ஆச்சு. "ரெண்டாயிரம் ரூபாய்க்கு டார்ச்சா"ன்னு வீட்ல ஆரம்பிச்சாங்க, அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போயி எதுத்தாப்புல இருந்த தண்ணி டேங்க் மேல லைட்ட அடிச்சுக் காட்டினேன், அதுக்கப்புறம் பேச்சே இல்ல. இப்ப கரண்ட் போனா மொதல்ல அத தேடறது அவங்கதான்.

நம்ம வயசுக்காரங்களுக்கு டார்ச்சுன்னா எவரெடி பித்தளை டார்ச்சுதான். மூணு பேட்டரி கட்டை போடணும், கையில பிடிச்சா கனமா நிக்கும், நாய் தொரத்தினா அதே ஆயுதம். வெளிச்சம் மங்கினா பேட்டரிய எடுத்து வெயில்ல காய வெச்சு திரும்பப் போடுவோம், இன்னும் ரெண்டு ராத்திரி ஓடும். எனக்கும் அந்த லைட்டு மேல பாசம் உண்டு, ஆனா உண்மைய சொல்லணும்னா அந்த குண்டு பல்பு அம்பது லூமன் (வெளிச்சத்துக்கு இதுதான் அளவு) கூட தேறாது. தூரத்துல பளிச்னு ஒரு வட்டம் விழும், அது அந்த ரிஃப்ளெக்டர் செஞ்ச வேலை, பல்போட சாமர்த்தியம் இல்ல. இப்ப கைக்குள்ள இருக்கற இந்த லைட்டு சாதாரணமா நூறு நூத்தம்பது லூமன்ல ராத்திரி முழுக்க எரியுது, அதுவே அந்தப் பித்தளை லைட்ட பல மடங்கு தாண்டிடுச்சு.

லைட்ட அணைச்சிட்டு கண்ணாடிக்குள்ள உத்துப் பாருங்க, நடுவுல ஒரு சின்ன மஞ்சச் சதுரம் தெரியும், எள்ளு சைஸுதான். அந்த மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அடியில இருக்கறது நீல எல்இடி, நீலம் கொஞ்சம் அப்படியே வெளிய வருது, மிச்சம் அந்தப் பூச்சுல பட்டு மஞ்சளா மாறுது, ரெண்டும் கலந்து நம்ம கண்ணுக்கு வெள்ளை. இந்த நீல எல்இடிய கண்டுபிடிச்சதுக்குத்தான் 2014ல அகாசாகி, அமானோ, நாகமுரான்னு மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க. உள்ள இருக்கற லித்தியம் அயன் பேட்டரிக்கு 2019ல தனியா ஒரு நோபல், குட்எனஃப், விட்டிங்ஹம், யோஷினோ. ஆக ரெண்டு நோபல் பரிசு சேந்து என் சட்டைப் பாக்கெட்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு கெடக்கு, இத விட மலிவு என்ன வேணும் சொல்லுங்க.

சரி இப்ப என் கோவத்துக்கு வரேன்.

ஆன்லைன்ல தேடினா "90,000 லூமன்", "ஒரு லட்சம் லூமன்", "2 கிலோமீட்டர் போகும்", விலை 499, கூட ரெண்டு பேட்டரி இலவசம். இத வாங்காதீங்க, கணக்கு போட்டுப் பாத்தாலே பொய்னு தெரியும். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு தோராயமா நூறு லூமன் குடுக்கும்னு வெச்சுக்கோங்க, நல்லதா இருந்தா கொஞ்சம் மேலயும் வரும். 90,000 லூமனுக்கு 900 வாட் வேணும். உங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி கிட்டத்தட்ட அவ்ளோதான் இழுக்கும், அந்தச் சூட்ட கையில பிடிச்சிட்டு நடப்பீங்களா? அந்த லைட்டுக்குள்ள போற ஒரு நல்ல பேட்டரில இருக்கறதே 12 வாட் ஹவர் சுத்து வட்டம், அதாவது 12 வாட்ல இழுத்தா ஒரு மணி நேரம் வரும், 900 வாட்ல இழுத்தா ஒரு நிமிஷம் கூட தாங்காது. என் லைட்டுல போட்டிருக்கற 2000 லூமன் கூட ஆன் பண்ணின ஒடனே வர்ற கணக்குதான், சுவிட்ச ரெண்டு தட்டு தட்டினா டர்போ, அதாவது உச்ச வெளிச்சம், கொஞ்ச நேரத்துல பாடி சூடு ஏறும், உள்ள இருக்கற சென்சார் தானே கொறச்சிடும். சின்ன அலுமினிய உடம்பு, சூடு போக எடம் வேணும்ல. அத ஒரு குறையா நான் பாக்கல, அப்படி கொறைக்காத லைட்டத்தான் பயப்படணும்.

பேட்டரிலதான் இன்னும் பெரிய ஊழல். இந்த மாதிரி லைட்டுக்கு 18650ன்னு ஒரு சைஸு. 18 எம்எம் சுத்தளவு இல்லீங்க, குறுக்களவு, 65 எம்எம் நீளம், கடைசி சைபர் உருளைன்னு அர்த்தம். லித்தியம் அயன் பேட்டரிய 1991ல சோனி மொத மொதல்ல விக்க ஆரம்பிச்சது, அப்பறம் லேப்டாப் எல்லாம் இந்த 18650லதான் ஓடுச்சு, 2008ல வந்த டெஸ்லா ரோட்ஸ்டர் கார்ல இதே செல்லு 6,831 அடுக்கி வெச்சிருந்தான். இவ்ளோ வருஷம் ஆராய்ச்சி பண்ணியும் ஒரு 18650ல நல்ல கம்பெனி செல்லே 3,500 எம்ஏஹெச் (பேட்டரி எவ்ளோ சார்ஜ் கொள்ளும்ங்கற அளவு) சுத்து வட்டத்துலதான் நிக்குது. அப்பறம் எப்படி 9,900 எம்ஏஹெச்னு ஸ்டிக்கர் ஒட்டறான்? ஸ்டிக்கர் அடிக்கற செலவுதான்.

இத கண்டுபிடிக்க சேலத்துக்காரனுக்கு சொல்லித் தரணுமா. நமக்கு தொழில் செவ்வாப்பேட்டைல வெள்ளிக் கொலுசு, பட்டறைல எலக்ட்ரானிக் தராசு எப்பவும் மேஜை மேலதான் இருக்கும், மில்லிகிராம் வித்தியாசத்துக்கு சண்ட போடற ஆளுங்க நாங்க. எந்தக் கடைன்னு வேண்டாம், ஒரு இடத்துல வாங்கின 9,900 செல்ல தராசுல வெச்சேன், முப்பது கிராம் கூட வரல. பக்கத்துல என் டார்ச்சோட வந்த செல்ல வெச்சேன், நாப்பத்தஞ்ச தாண்டி நின்னுச்சு. உள்ள சரக்கு இருந்தாத்தான எடை வரும். பக்கத்துல கொலுசுக்கு கொக்கி பத்த வெச்சிட்டு இருந்த அண்ணன் எட்டிப் பாத்துட்டு "இது டச்சு கம்மி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு, டச்சுன்னா எங்க தொழில்ல வெள்ளியோட சுத்தம். நல்ல எடை இருந்தா மட்டும் நல்ல செல்லுன்னு ஆயிடாது, பழைய லேப்டாப்புல உருவின செல்லுக்கு புதுச் சட்டை போட்டு விக்கறதும் உண்டு, ஆனா எடை கம்மியா இருந்தா கண்டிப்பா டுபாக்கூர். நகைக்கடைல, மளிகைக்கடைல எங்க வேணா நிறுத்துப் பாருங்க, 45 கிராம் கணக்கு.

என் கருத்து இதுதான்: லைட்டுல எவ்ளோ மலிவா வேணா போங்க, பேட்டரில மட்டும் மலிவு பாக்காதீங்க. லைட்டு டூப்ளிகேட்டா இருந்தா இருட்டுல நிப்பீங்க, பேட்டரி டூப்ளிகேட்டா இருந்தா தீயில நிக்கணும்.

அடுத்து எல்லாரும் கேக்கற கேள்வி, "எத்தன கிலோமீட்டர் போகும்ணே?" லூமன்ங்கறது மொத்தமா எவ்ளோ வெளிச்சம் கொட்டுதுன்னு, தூரத்துக்கு அது கணக்கில்ல, கேண்டலான்னு ஒண்ணு இருக்கு, ஒரே தெசையில எவ்ளோ கூர்மையா போகுதுன்னு. 10,000 கேண்டலா இருந்தா 200 மீட்டர்னு போடுவான், அந்த 200வது மீட்டர்ல என்ன வெளிச்சம்னா பௌர்ணமி நெலா வெளிச்சம் அளவுதான், 0.25 லக்ஸ். தூரம் ரெண்டு மடங்கு வேணும்னா கேண்டலா நாலு மடங்கு வேணும். அதனால அட்டைல 400 மீட்டர்னா பாதி தூரத்துல நல்லா அடையாளம் தெரியும்னு மனசுக்குள்ள எடுத்துக்கோங்க. தோட்டத்துக்கு, பவர் கட்டுக்கு, நாய் கூட்டிட்டு நடக்கறதுக்கு தூரம் போற லைட்டே தேவையில்ல, அகலமா விழறதுதான் வேணும்.

எங்க மச்சானுக்கு ஏற்காட்டுல நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்துல மிளகு ஏத்தி விட்டிருக்காரு. அங்க போனா ராத்திரி வீட்ல இருந்து களத்துக்கு நடக்கணும், காப்பிய தார்ப்பாய் போட்டு மூடியிருக்கான்னு பாக்கறதுக்கு. போன தடவ நான் புது லைட்ட எடுத்து டர்போல அடிச்சு "பாருங்க மச்சான், பாருங்க"ன்னு ஆட்டிட்டே முன்னால போறேன், மேகம் வேற எறங்கியிருந்துச்சு, முன்னால ஒரே வெள்ளச் சுவரு. பின்னால வந்த தோட்டத்து வாட்ச்மேன் அண்ணன் பொறுமையா சொன்னாரு, "தம்பி, மொதல்ல அத அணைங்க, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

அவரு சொன்னது சரி. மேகத்துக்குள்ள லைட்ட கண்ணு பக்கத்துல பிடிச்சா அந்தத் துளி எல்லாம் வெளிச்சத்த நம்ம கண்ணுக்கே திருப்பி அனுப்பும். கைய தாழ்த்தி இடுப்புக்குக் கீழ பிடிச்சு, வெளிச்சத்தையும் கொறச்சு அடிங்க, பாதை தெரியும். மஞ்ச லைட்டு பனிய கிழிக்கும்னு ஒரு பேச்சு உண்டு, பனித்துளி சைஸுக்கு கலர் பெரிய வித்தியாசம் பண்ணாது, எந்த உயரத்துல பிடிக்கறோம்ங்கறதுதான் வேலை செய்யும். ஆனா வேற காரணத்துக்கு ரொம்ப வெள்ளையா, நீலம் அடிக்கற 6,500 கெல்வின் லைட்டு எனக்குப் புடிக்கல. காஞ்ச எலையும் கண்ணாடி விரியனும் ஒரே சாம்பலா தெரியும், 5,000 கெல்வின் பக்கம் வாங்கினா பழுப்பு பழுப்பாவே தெரியும், அது மலைல பெரிய விஷயம்ங்க.

இன்னொண்ணு, பளீர்னு ஒரு தடவ அடிச்சிட்டா நம்ம கண்ணு இருட்டுக்குத் திரும்பப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதனாலதான் அந்த அண்ணன் எப்பவும் சின்ன வெளிச்சத்துல தரைய மட்டும் பாத்து நடக்கறாரு, எங்கயாவது கிளை முறியற சத்தம் கேட்டாத்தான் தூக்கி அடிக்கறாரு. காட்டெருமை இப்ப தோட்டத்துக்குள்ளயே சுத்துது, கண்ணு ரெண்டும் பளபளன்னு தெரியும், கண்ணுக்குப் பின்னால வெளிச்சத்த திருப்பி அனுப்பற ஒரு படலம் இருக்கு அதுக்கு. தெரிஞ்ச ஒடனே லைட்ட மூஞ்சில அடிச்சிட்டு நிக்காம தரைக்கு எறக்கிட்டு, வந்த வழியே மெதுவா பின்வாங்கிடணும். இந்த ஸ்ட்ரோப்னு டிஸ்கோ லைட்டு மாதிரி வெட்டி வெட்டி அடிக்கற மோடு இருக்கே, அத காட்டெருமைகிட்ட பரீட்சை பண்ணிடாதீங்க சாமி. எதுக்குத்தான் எல்லா லைட்டுலயும் அத வெக்கறான்னு எனக்கு இன்னும் புரியல.

பசங்க கூட வந்தா ஒண்ணு பண்ணுங்க. லைட்ட நெத்தி பக்கத்துல, கண்ணுக்கு நேரா வெச்சு புல்லுத் தரைய பாக்கச் சொல்லுங்க. குட்டிக் குட்டியா பச்சையா மின்னும், பனித்துளின்னுதான் நெனைப்பாங்க. குறி வெச்சு கிட்டப் போனா ஒவ்வொண்ணும் ஒரு சிலந்தி, ஓநாய்ச் சிலந்தி, ஒக்காந்து நம்மளப் பாத்துட்டு இருக்கும். மச்சான் பொண்ணு அன்னிக்கு எண்ண ஆரம்பிச்சு பாதிலயே வீட்டுக்குள்ள ஓடிட்டா.

திரும்ப பேட்டரிக்கு. என் லைட்டுல சுவிட்ச மூணு தட்டு தட்டினா அதுவே வோல்டேஜ் சொல்லும், நாலு தடவ மின்னி, நிறுத்தி, ரெண்டு தடவ மின்னினா 4.2, ஃபுல்லு. 3 பக்கம் வந்தா சார்ஜ் போட்டுடுங்க, சுத்தமா வத்த விடாதீங்க. மாசக்கணக்குல சும்மா வெக்கறதா இருந்தா பாதி சார்ஜுல வைங்க. நம்ம சேலம் வெயில்ல கார் டேஷ்போர்டுல டார்ச்ச போட்டுட்டு போறது கூடவே கூடாது, ஏப்ரல்ல உள்ள என்ன சூடு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பாக்கெட்ல போடும்போது நாலு தட்டு தட்டினா லாக் ஆயிடும், இல்லேன்னா சுவிட்ச் அமுங்கி தொடையில சூடு ஏறினப்பறம்தான் தெரியும்.

ஸ்பேர் செல்ல தனியா பிளாஸ்டிக் டப்பால மட்டும் வைங்க. இந்த செல்லுல மேல இருக்கற பொட்டு ப்ளஸ்ஸு, மத்த உடம்பு முழுக்க மைனஸு, நடுவுல காக்கறது ஒரு சின்ன வளையமும் மேல சுத்தின மெல்லிசு பிளாஸ்டிக்கும்தான். அந்த பிளாஸ்டிக் கிழிஞ்சு சாவியோ சில்லறையோ பட்டா ஷார்ட்டு. நம்ம பட்டறைல அதுக்கும் மேல, மேஜை பூரா வெள்ளிக் கம்பித் துண்டு கெடக்கும், உலகத்துல இருக்கற உலோகத்துலயே கரண்ட நல்லா கடத்தறது வெள்ளிதான். அதனால எங்க பட்டறை மேஜை மேல பேட்டரிய வெறுமனே வெக்கக்கூடாதுன்னு சட்டமே போட்டாச்சு, தராசுல வெக்கறதுன்னாலும் அடியில ஒரு பேப்பர்.

சார்ஜ் போடறதுல ஒரு சின்ன தொந்தரவு. மலிவு லைட்டுல பலதுக்கு டைப் சி ஓட்டை இருக்கும், ஆனா ரெண்டு பக்கமும் சி இருக்கற புது போன் கேபிள சொருகினா சார்ஜே ஏறாது, ஏன்னா உள்ள போட வேண்டிய சின்ன ரெசிஸ்டர மிச்சம் பிடிச்சிருப்பான். லைட்டு போயிடுச்சுன்னு திருப்பி அனுப்பிடாதீங்க, பழைய சார்ஜர்ல அந்தப் பக்கம் பட்டையா இருக்கற கேபிள போட்டா ஏறிடும்.

இப்ப மச்சான் வேற "மாப்ள, எனக்கும் ஒண்ணு சொல்லி விடுங்க, தூரமா போறதா"ங்கறாரு. அவருக்கு 21700 செல்லு போடற நீட்டு லைட்டு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், அது 21 எம்எம்க்கு 70 எம்எம், ஒரே செல்லுல 5,000 எம்ஏஹெச் நெசமாவே வரும், எடை எழுபது கிராம் பக்கம். வந்த ஒடனே தராசுக்குத்தான் போகும், அப்பறம்தான் மலையேறும். யாராவது அந்த சைஸுல நல்ல லைட்டு வெச்சிருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, வாங்கின இடமும் போடுங்க. லூமன் எவ்ளோன்னு சொல்ல வேண்டாம்.